கையை எங்கே வைத்துக்கொள்வது? - நடிப்பின் முதல் வகுப்பு

தேராவில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் ஐந்தாவது மாடி. சோபாவையும் டீப்பாயையும் சுவரோரம் தள்ளிவிட்டு, பொங்கல் விழா நாடகத்துக்கு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது. கிராமத்துப் பெரியவர் வேடம் ஏற்றிருந்த நண்பர், வேலைக்குப் போகும் வழியில் டிராபிக்கில் நிற்கும் நேரத்திலேயே வசனம் முழுவதையும் மனப்பாடம் செய்துவிட்டவர். ஒரு சொல் பிசகாது. ஆனால் ஹாலின் நடுவில் வந்து நின்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏங்க, இந்தக் கைய எங்க வெச்சுக்கறது?"

இயக்குநர் (அவரும் என்னைப் போல் கம்ப்யூட்டர் ஆசாமிதான்) சற்று யோசித்து, "பாக்கெட்ல விட்டுக்குங்க" என்றார். பெரியவருக்கு வேட்டி. வேட்டிக்கு ஏது பாக்கெட்?

எல்லோரும் சிரித்தோம். ஆனால் நண்பர் கேட்டது சிரித்துவிட்டு நகர்கிற கேள்வியல்ல. மேடை ஏறுகிற எவருக்கும் முதலில் வருகிற கேள்வி அது. கல்லூரிகளில் நடத்தப்படும் நடிப்பு அறிமுக வகுப்பு என்பது, ஒரு வகையில், இந்த ஒரு கேள்விக்கு ஒரு பருவம் முழுக்கத் தேடுகிற பதில்தான். நான் அமெரிக்காவில் எம்.எஸ். படித்தபோது பொறியியல் மாணவர்களும் சேரலாம் என்றிருந்த அப்படி ஒரு வகுப்பில் சேர்ந்தேன். எளிதாக மதிப்பெண் வாங்கிவிடலாம் என்ற எண்ணம்தான் காரணம். அது தப்புக் கணக்கு. அந்த வகுப்பில் என்ன கற்றுத் தருகிறார்கள், அதே விஷயம் தமிழுக்கு எப்போது, யார் வழியாக வந்தது என்பதைச் சொல்வதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதல் நாள் மேடையில் ஒரே ஒரு நாற்காலி. ஒவ்வொருவராகப் போய் இரண்டு நிமிடம் அதில் உட்கார வேண்டும். வேறு ஒன்றும் செய்ய வேண்டாம். நான் போய் உட்கார்ந்தேன். காலை மாற்றிப் போட்டேன். இருமினேன். அசட்டுத்தனமாகச் சிரித்தேன். மூக்கைத் தடவினேன். இரண்டு நிமிடம் என்பது அத்தனை நீளம் என்று அன்றுதான் தெரிந்தது. இரண்டாவது சுற்றில் ஆசிரியை ஒரே ஒரு வேலை கொடுத்தார்: கூரையில் இருக்கும் விளக்குகளை எண்ண வேண்டும், எத்தனை எரியவில்லை என்று சொல்ல வேண்டும். எண்ண ஆரம்பித்ததும் கை எங்கே இருக்கிறது என்ற நினைவே போய்விட்டது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள், முதல் சுற்றைவிட இப்போதுதான் என்னைப் பார்க்க முடிந்தது என்றார்கள்.

இந்தப் பயிற்சிக்கு மூலம் ருஷ்ய இயக்குநர் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி (1863-1938). மாஸ்கோ கலை அரங்கை 1898-இல் நெமிரோவிச் தான்சென்கோவுடன் சேர்ந்து தொடங்கியவர். நடிப்புப் பயிற்சி பற்றி அவர் எழுதிய நூல் 1936-இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. முதலாண்டு மாணவன் ஒருவனின் நாட்குறிப்பைப் போல எழுதப்பட்ட நூல் அது. அதில் மரியா என்ற மாணவி வருகிறாள். அவளுக்குச் சொல்லப்படும் கதை இது: பள்ளிக்குக் கட்டப் பணமில்லை, ஒரு தோழி உதவ முன்வந்து, தன்னுடைய நகை ஊசி ஒன்றைத் திரைச்சீலையின் மடிப்பில் குத்தி வைத்திருக்கிறாள், அதைக் கண்டுபிடித்தால் படிப்பைத் தொடரலாம். மரியா மேடைக்கு ஓடுகிறாள், தலையைப் பிடித்துக்கொள்கிறாள், திரையை அள்ளி முகத்தைப் புதைத்துக்கொள்கிறாள், தவிக்கிறாள். பிரமாதமாக நடித்துவிட்ட மகிழ்ச்சியோடு இறங்கி வருகிறாள். ஆசிரியர் கேட்கிறார், "ஊசி எங்கே?" அவள் அதைத் தேடவே மறந்திருந்தாள். இப்போது அவர், ஊசியைக் கண்டுபிடிக்காவிட்டால் நிஜமாகவே பள்ளியை விட்டுப் போக வேண்டியதுதான் என்கிறார். மரியா திரும்பப் போய் ஒவ்வொரு மடிப்பாக, சத்தமில்லாமல், முகம் வெளிறித் தேடுகிறாள். பார்க்கிறவர்களுக்கு மூச்சு நின்றுவிடுகிறது.

முதல் வகுப்பின் சாரம் இந்தக் கதையில் இருக்கிறது. நடிப்பு என்பது உணர்ச்சியைக் காட்டுவது என்று நாம் நினைக்கிறோம். சிவாஜி படம் பார்த்து வளர்ந்த நமக்கு அப்படித் தோன்றுவதில் தவறில்லை. ஆனால் தொடக்க வகுப்பில் யாரும் அழச் சொல்லித் தருவதில்லை. "நீ யாரிடமிருந்து என்ன வேண்டுகிறாய்? அதைப் பெற என்ன செய்கிறாய்? எது தடுக்கிறது?" இந்த மூன்றையும்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அழுகை வந்தால் வரட்டும், வராவிட்டாலும் பாதகமில்லை. தேடுவது மட்டும் நிஜமாக இருக்க வேண்டும்.

எங்கள் கிராமத்துப் பெரியவருக்கு வருவோம். காட்சி இதுதான்: துபாயிலிருந்து விடுமுறைக்கு வந்திருக்கும் மகனிடம், நிலத்தை விற்காதே என்று சொல்ல வேண்டும். நான் பயந்துகொண்டே ஒரு யோசனை சொன்னேன். கையில் ஒரு டிபன் கேரியரைக் கொடுங்கள், மகனுக்குச் சாப்பாடு எடுத்து வைத்துக்கொண்டே பேசட்டும். சமையலறையிலிருந்து நிஜமான கேரியர் வந்தது. அதன் கொக்கி இறுகிக் கிடந்தது. நண்பர் அதைத் திறக்கப் போராடிக்கொண்டே "அந்த வயலை வித்துட்டு என்னப்பா பண்ணப் போறே?" என்றபோது, ஹாலில் இருந்த யாரும் சிரிக்கவில்லை. நிலம் விற்ற குடும்பங்கள் அங்கே இரண்டு மூன்று இருந்தன.

இதெல்லாம் மேல்நாட்டுச் சரக்கு என்று ஒதுக்குகிறவர்கள் தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியலை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். நகை, அழுகை, வெகுளி, உவகை என்று எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியர், உதடு எப்படித் துடிக்க வேண்டும், கண் எப்படிச் சிவக்க வேண்டும் என்று அங்கே விவரிப்பதில்லை. ஒவ்வொன்றும் எதிலிருந்து பிறக்கிறது என்று நான்கு நான்கு நிலைக்களன்களைச் சொல்கிறார். அழுகை என்றால் இழவு, வறுமை, பிறரால் இகழப்படுவது, முன்பிருந்த நிலை கெட்டுப்போவது. ஆக எட்டுக்கு முப்பத்திரண்டு. இழவில் வரும் அழுகையும் இகழப்பட்டு வரும் அழுகையும் ஒன்றல்ல. நடிகன் எதைச் செய்யப் போகிறான் என்பதற்கு முன், அவன் எங்கே நிற்கிறான் என்பது முடிவாக வேண்டும். மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கான இலக்கணம், நடிகர் கையேடு அல்ல என்பது உண்மைதான். ஆனால் உரையாசிரியர் இளம்பூரணர் அந்தப் பகுதிக்கு விளக்கம் சொல்லும்போது மேற்கோள் காட்டுவது செயிற்றியம் என்ற பழைய நாடக நூலை. அந்த நூல் இன்று நமக்குக் கிடைக்கவில்லை.

வடமொழியில் பரதரின் நாட்டிய சாஸ்திரம் அபிநயத்தை உடல், குரல், ஒப்பனை, உள்ளம் என நான்காகப் பிரிக்கிறது. இதில் நம் பரதநாட்டிய வகுப்புகள் வழியாக வெளிநாட்டுத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு முதலாவது நன்றாகவே அறிமுகமாகியிருக்கிறது. கராமாவிலும் தேராவிலும் தெருவுக்கு ஒரு நடன வகுப்பு இருக்கிறது. நாடக வகுப்பு?

இந்த இடத்தில் தமிழ் நாடக வரலாற்றைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம்மிடம் நடிப்புப் பயிற்சி இல்லாமல் இல்லை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867-1922) மதுரையில் 1918-இல் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபாவும், அதையொட்டிப் பெருகிய மற்ற பாய்ஸ் கம்பெனிகளும் முழுநேரப் பள்ளிக்கூடங்கள்தான். சிறுவர்கள் அங்கேயே தங்கி, அங்கேயே சாப்பிட்டு, வாத்தியார் சொல்லித் தருவதைத் திருப்பிச் சொல்லிச் சொல்லிப் பாடம் செய்தார்கள். பாட்டு, வசனம், நடை எல்லாம் அப்படித்தான் வந்தன. டி.கே.எஸ். சகோதரர்கள் சுவாமிகளின் சபாவில் வளர்ந்தவர்கள். எம்.ஜி.ஆர். மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி. சிவாஜி, யதார்த்தம் பொன்னுசாமிப் பிள்ளையின் கம்பெனியில் சீதை முதலான பெண் வேடங்களில் தொடங்கியவர். அந்த வாழ்க்கை எப்படி இருந்தது என்று அறிய விரும்புவோர் அவ்வை சண்முகம் எழுதிய 'எனது நாடக வாழ்க்கை' நூலை அவசியம் படிக்க வேண்டும். அதைப் படித்து முடித்தபோது என்னைத் தொந்தரவு செய்தது ஒன்று: அவர் சபாவில் சேரும்போது ஆறேழு வயதுக் குழந்தை. அந்த வயதில், பசிக்கும் அடிக்கும் நடுவில், உடலும் குரலும் எதையும் பிடித்துக்கொள்ளும். முப்பது வயதில், கல்யாணம் ஆகி, கடன் வாங்கி, கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து முதுகு கூனிய ஒருவனுக்கு அந்தப் பள்ளிக்கூடத்தில் இடமில்லை.

மறுபக்கம் பம்மல் சம்பந்த முதலியாரின் (1873-1964) சுகுண விலாச சபை. 1891-இல் சென்னையில் தொடங்கியது. வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் மாலை நேரத்தில் கூடி நாடகம் போட்ட இடம். நம் வளைகுடா நாடகங்களுக்கெல்லாம் உண்மையான பாட்டனார் அவர்தான். அலுவலகம் முடிந்து ஒத்திகைக்கு வருகிறவர்கள் என்ற ஜாதியைத் தமிழில் உருவாக்கியவர். நடிப்புக் கலையில் தேர்ச்சி பெறுவது எப்படி என்று தனியாக ஒரு நூலே எழுதினார். ஆனால் அவருக்குப் பின்னால் வந்த சபா நாடகங்களில் எழுத்தாளரும் வசனமும் மேலே வந்து, நடிகனின் உடல் பின்னுக்குப் போனது. மேலிருந்து மைக் தொங்கும். அதன் கீழ் வரிசையாக நின்று நகைச்சுவைத் துணுக்குகளைப் பரிமாறிக்கொள்வார்கள். நானும் கிரேஸி மோகன் நாடகங்களை விழுந்து விழுந்து ரசித்தவன்தான். அவரிடம் இருந்த நேரக் கணக்கு லேசில் யாருக்கும் வராது. ஆனால் வெளிநாட்டுத் தமிழ் மன்றங்கள் அந்த ஒலிநாடாக்களையும் ஒளிநாடாக்களையும் பார்த்தே நடிக்கக் கற்றுக்கொண்டதால், மைக்கின் கீழ் வரிசையில் நிற்பதுதான் நாடகம் என்று நம் பலரின் மனதில் பதிந்துவிட்டது.

வயது வந்தவர்களுக்கு, அதுவும் நடிப்பைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கு, அடிப்படையிலிருந்து கற்றுத் தருவது தமிழ்நாட்டில் பெரிய அளவில் நடந்தது 1977-இல். திண்டுக்கல் அருகே காந்திகிராமத்தில், தில்லியின் தேசிய நாடகப் பள்ளி சார்பில் எழுபது நாள் பட்டறை. பன்சி கவுலும் சே. ராமானுஜமும் நடத்தினார்கள். ராமானுஜம் அல்காஜியிடம் பயின்று வந்தவர். பேராசிரியர்கள், எழுத்தாளர்கள், நாடக ஆர்வலர்கள் என்று பலதரப்பட்டவர்கள் வந்தார்கள். தமிழ்ப் பேராசிரியர் மு. ராமசாமி அங்கிருந்து போய் அடுத்த ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். ராமானுஜம் பின்னர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழக நாடகத் துறையில் பல ஆண்டுகள் பணியாற்றினார். யூரிப்பிடீஸின் டிராய் நகரப் பெண்களைத் தழுவி அவர் செய்த 'வெறியாட்டம்' நம் ஒப்பாரி மரபை அஸ்திவாரமாகக் கொண்டது. உடலிலிருந்து தொடங்கு, உன் ஊரின் உடலிலிருந்து தொடங்கு என்பதுதான் அவருடைய பாடத்தின் சுருக்கம் என்று எனக்குத் தோன்றுகிறது. 2016-இல் காலமானார். நம் பத்திரிகைகள் அவருக்கு ஒதுக்கிய இடம் போதாது.

அதே 1977-இல் சென்னையில் ந. முத்துசாமி கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் தெருக்கூத்தைப் பார்த்து, விடிய விடிய மைக் இல்லாமல் பாடி ஆடும் அந்த உடல் எப்படிச் சாத்தியமாகிறது என்று வியந்தவர் அவர். கூத்து அடவுகளும் சிலம்பமும் மூச்சுப் பயிற்சியும் அங்கே நடிகனுக்குப் பாடமாயின. பசுபதி அங்கிருந்து வந்தவர். நமக்கு நெருக்கமான இன்னொருவரும் உண்டு. துபாயில் கணக்காளராக வேலை பார்த்துவிட்டு 2003-இல் ஊர் திரும்பிய விஜய் சேதுபதி, கூத்துப்பட்டறையில் சேர்ந்தது கணக்கு எழுதும் வேலைக்கு. அங்கே நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். முதல் வகுப்பின் முதல் பாடம் கவனிப்பது என்றால், அவர் அதைச் சம்பளம் வாங்கிக்கொண்டு படித்திருக்கிறார்!

ஈழத்து நண்பர்கள் இந்த இடத்தில் என்னை நிறுத்துவார்கள். நியாயம்தான். நடிப்பின் ஆரம்பப் பாடத்தைத் தமிழில் ஒழுங்காக வகுத்ததில் யாழ்ப்பாணம் நமக்கு முன்னால் நிற்கிறது. 1970களின் நடுவில் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் நாடகவியல் டிப்ளோமா படித்துத் திரும்பியவர்களில் ஒருவர் குழந்தை ம. சண்முகலிங்கம். அவர் 1978-இல் யாழ்ப்பாணத்தில் நாடக அரங்கக் கல்லூரியை உருவாக்கினார். அ. தாசீசியஸ், சி. மௌனகுரு போன்றவர்கள் உடனிருந்தார்கள். 'களப்பயிற்சி', 'அரங்க விளையாட்டு' என்ற அழகான சொற்கள் அவர்கள் வழியாகவே பரவலாயின. அங்கே நாடகமும் அரங்கியலும் பள்ளிப் பாடம், க.பொ.த. உயர்தரப் பரீட்சைக்கே எடுக்கலாம். யுத்த காலத்தில், 1985-இல், சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகம் க. சிதம்பரநாதன் நெறியாள்கையில் மேடையேறியபோது அதைத் தாங்கி நின்றவர்கள் பெரும்பாலும் மாணவர்கள். பயிற்சி என்பது பொழுதுபோக்கு அல்ல என்பதற்கு இதைவிட வேறு சாட்சி எனக்குத் தெரியவில்லை. தமிழ்நாட்டிலோ, பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்தில் இந்திரா பார்த்தசாரதி தலைமையில் தொடங்கிய சங்கரதாஸ் சுவாமிகள் நிகழ்கலைப் பள்ளி போன்ற ஒன்றிரண்டைத் தவிர, கல்லூரி மாணவன் ஒருவன் இயல்பாகப் போய் உட்காரக்கூடிய வகுப்புகள் குறைவு. பள்ளியில் இல்லவே இல்லை என்று சொல்லலாம். 'கூத்தாடி' என்பது வசைச்சொல்லாக இருக்கும் ஊரில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

அரங்க விளையாட்டுகளைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதை ஃப்ளாட்டிலேயே செய்து பார்க்கலாம். அமெரிக்கரான வயலா ஸ்போலின் (1906-1994) குடியேறிகளின் குழந்தைகளோடு சிக்காகோவில் வேலை செய்தபோது உருவாக்கிய முறை இது. 1963-இல் நூலாக வந்தது. அதில் மிகவும் பிரபலமானது கண்ணாடி விளையாட்டு. இரண்டு பேர் எதிரெதிரே நிற்க வேண்டும். ஒருவர் மெதுவாகக் கையை அசைக்க, மற்றவர் கண்ணாடி பிம்பம் போலத் தொடர வேண்டும். பிறகு ஆள் மாற்றம். கடைசியில் யார் முதலில் அசைக்கிறார் என்றே சொல்லாமல் இருவரும் தொடர வேண்டும். வேகமாக அசைத்து எதிராளியை ஏமாற்றத்தான் எல்லோரும் முதலில் முயல்வார்கள். அப்போது விளையாட்டு உடைந்துவிடும். எதிரில் இருப்பவர் தொடரக்கூடிய வேகத்தில்தான் நான் அசைய முடியும் என்று புரிவதற்குப் பத்து நிமிடமாவது ஆகும். மேடையில் சக நடிகர் பேசும்போது நாம் அடுத்து சொல்ல வேண்டிய வசனத்தை மனதுக்குள் ஓட்டிக்கொண்டிருக்கிறோமே, அந்த நோய்க்கு மருந்து இதுதான். எங்கள் வகுப்பில் கொரிய மாணவர் ஒருவரும் நானும் ஜோடி. அவருக்கு என் ஆங்கிலம் புரியாது, எனக்கு அவர் ஆங்கிலம் புரியாது. கண்ணாடி விளையாட்டில் மட்டும் எங்களை யாரும் வெல்ல முடிந்ததில்லை.

மூச்சும் குரலும் அடுத்தது. தோளை உயர்த்தாமல், உதரவிதானம் இறங்கி வயிறு விரியும்படி மூச்செடுத்து, அந்தக் காற்றின் மேல் சொல்லை வைக்க வேண்டும். தொண்டையால் கத்தினால் இரண்டாம் காட்சியிலேயே குரல் கட்டிவிடும். நாள் முழுக்க ஏ.சி.யில் இருக்கும் வளைகுடாவாசிகளுக்குத் தொண்டை வறட்சி வேறு. ஒத்திகைக்கு முன் வெந்நீர் குடிப்பதும், வாயை மூடிக்கொண்டு ஐந்து நிமிடம் முணுமுணுப்பதும் நல்லது. மைக் இருக்கிறதே என்பார்கள். மைக் சத்தத்தைப் பெரிதாக்கும், சொல்லைத் தெளிவாக்காது.

மேடையின் பூகோளம் ஒரு நாளில் கற்கக்கூடியது. வலம், இடம் என்பவை நடிகனின் வலம் இடம், பார்வையாளருடையவை அல்ல. பார்வையாளருக்கு அருகே இருப்பது கீழ்மேடை, தள்ளி இருப்பது மேல்மேடை. பழைய ஐரோப்பிய மேடைகள் பின்னோக்கி உயர்ந்து சரிவாக இருந்ததால் வந்த பெயர்கள் இவை. மூன்றுக்கு மூன்று என ஒன்பது கட்டங்கள். புரோகிராமர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

சரி, வளைகுடாவில் எங்கே கற்பது? குவைத்தில் நாடகக் கலைக்கான உயர் கல்வி நிறுவனம் 1973-லிருந்தே இருக்கிறது. எகிப்திய நாடக ஆசான் ஸகி துலைமாத் 1960களில் அங்கே போட்ட விதையிலிருந்து முளைத்தது. ஆனால் பாடமொழி அரபி. ஷார்ஜாவில் 2019-இல் திறக்கப்பட்ட நிகழ்கலை அகாதமியில் நடிப்பு ஒரு பட்டப்படிப்பு. இங்கே பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு அது எட்டும் தூரம்தான், கட்டணமும் அப்பாவின் மனமும் இடம்கொடுத்தால். துபாயில் எமிரேட்ஸ் மாலுக்குள் 2006 முதல் இயங்கிய சமூக அரங்கம் 2018-இல் மூடப்பட்டது பலருக்கு இழப்பு. இன்று அல்சர்கால் அவென்யூவில் உள்ள சிறிய அரங்கம் போன்ற இடங்களில் ஆங்கில நாடகங்கள் நடக்கின்றன.

நாம் பொறாமைப்பட வேண்டியது மலையாளிகளைப் பார்த்து. அபுதாபி கேரள சோஷியல் சென்டரில், நடிகர் பரத் முரளியின் பெயரில் நடத்தும் நாடக விழாவுக்குப் போய்ப் பாருங்கள். பகலில் கிடங்கிலும் கட்டட வேலையிலும் இருப்பவர்கள் இரவில் நடிக்கிறார்கள், கேரளத்திலிருந்து பயிற்சி பெற்ற இயக்குநர்களை அழைத்து வந்து வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். நாம் திரைப்பட நட்சத்திரத்துக்கு விமான டிக்கெட் போடுகிறோம். அந்தப் பணத்தில் பாதியைச் செலவழித்தால் கூத்துப்பட்டறையிலோ தஞ்சையிலோ யாழ்ப்பாணத்திலோ பயிற்சி பெற்ற ஒருவரை அழைத்து, இரண்டு வார இறுதிகள் களப்பயிற்சி நடத்த முடியும். இருபது பேர், ஒரு ஹால், செருப்பைக் கழற்றி வைக்க இடம். வேறு எதுவும் வேண்டியதில்லை. எங்கள் ஃப்ளாட்டில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டாத நேரமாகப் பார்த்து, சனிக்கிழமை காலைகளில் கண்ணாடி விளையாட்டு தொடங்கியிருக்கிறோம். இப்போதைக்கு ஆறு பேர்.